கல்லூரியில் முதலாண்டு: பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒரு சோதனைக் காலம்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வந்து, விண்ணப்பங்கள் எழுதி, கலந்தாய்வுக்கு அலைந்து, ஒருவழியாகப் பிள்ளைக்குக் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால் நம் வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு எழுகிறது. "அல்ஹம்துலில்லாஹ், இனிக் கவலையில்லை" என்கிறார் வாப்பா. உம்மா அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இனிப்புக் கொடுத்தனுப்புகிறார். கட்டணம் செலுத்தி, பெட்டி, படுக்கை, வாளி எல்லாம் வாங்கிக் கொடுத்து, விடுதி வாசல்வரை சென்று விட்டுவந்ததோடு நம் கடமை நிறைவேறியதாக எண்ணிக்கொள்கிறோம்.

உண்மையில் அன்றுதான் ஒரு பெரிய சோதனை தொடங்குகிறது. அதுவரை உம்மா எழுப்பி எழுந்த பிள்ளை, தானே எழ வேண்டும். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதியவன், தானே குறிப்பெடுக்க வேண்டும். தெருவெல்லாம் உறவினராக வாழ்ந்தவன், தன் பெயரையே யாரும் அறியாத இடத்தில் நிற்க வேண்டும். இந்த மாற்றத்தைத் தாங்க முடியாமல் முதற்பருவத்திலேயே திரும்பி வந்துவிடும் பிள்ளைகள் எல்லாச் சமுதாயங்களிலும் உண்டு. ஆனால் நம் சமுதாயத்தில் அதன் விலை அதிகம். படிப்பை விட்டு வந்த பையனுக்குக் கடவுச்சீட்டு எடுக்கும் பேச்சு உடனே எழுந்துவிடுகிறது. 'எப்படியும் சபருக்குப் போகத்தானே போகிறான், இப்போதே போகட்டுமே' என்று நால்வர் சொல்லிவிடுகின்றனர். படிப்பை விட்டு வந்த பெண்ணுக்கோ அடுத்த மாதமே வரன் தேடத் தொடங்கிவிடுகிறோம். பின்னர் அவர்கள் கல்லூரிக்குத் திரும்புவது மிகவும் அரிதாகிவிடுகிறது. ஆகவே முதலாண்டைக் கடப்பது எப்படி என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து சிந்திக்க வேண்டியது அவசியமாகும்.

பிரிவு நமக்குப் புதிதன்று

கல்விக்காக ஊரைப் பிரிவது இஸ்லாமிய வரலாற்றில் நெடுங்காலமாக வரும் வழக்கம். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இளம் பருவத்தில் தம் அன்னையாருடனும் சகோதரருடனும் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். கடமை நிறைவேறியதும் அன்னையாரும் சகோதரரும் புகாரா நகருக்குத் திரும்பினர்; இமாம் அவர்களோ கல்வி தேடி மக்காவிலேயே தங்கிவிட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது 16 எனக் கூறப்படுகிறது. தந்தையை இழந்த அந்த மகனை அந்நிய நகரத்தில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் பயணம் செய்து திரும்பிய அன்னையின் மனத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் மகனை விட்டுவிட்டுக் கண் கலங்கும் தாய்மார்களுக்கு அந்த வரலாற்றில் ஆறுதல் உண்டு.

திருக்குர்ஆனின் அல்கஹ்ஃபு அத்தியாயம் மூஸா (அலை) அவர்கள் கல்வி தேடிச் சென்ற பயணத்தைக் கூறுகிறது. அந்தப் பயணத்தில் பசியையும் களைப்பையும்விடக் கடினமாக அமைந்தது பொறுமையே. தமக்கு அப்போதைக்கு விளங்காத ஒன்றைக் கண்டு கேள்வி எழுப்பாமல் காத்திருப்பது அந்த மாபெரும் நபிக்கே கடினமாக இருந்தது. முதல் மாதத்தில் எதுவுமே விளங்கவில்லை என்று கலங்கும் மாணவன் இதை நினைவில் கொள்வது நல்லது.

நம் காலத்துச் சான்றும் ஒன்றுண்டு. இராமேசுவரத்தில் 1931-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள், இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது வீட்டு நினைவால் வாடியதையும், தாயார் செய்யும் போளிக்கு ஏங்கியதையும் தம் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதியுள்ளார். இராமேசுவரத்திற்கும் இராமநாதபுரத்திற்கும் இடையிலுள்ள தொலைவு மிகக் குறைவே. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஒருவருக்கே அந்த ஏக்கம் இருந்ததென்றால், நம் பிள்ளைக்கு இருப்பதில் வியப்பேது? வீட்டு நினைவைக் கோழைத்தனமென்று கருதலாகாது. அன்பான வீட்டிலிருந்து புறப்பட்ட எவருக்கும் அது வரும், நாளடைவில் தணியும்.

முதல் நாற்பது நாட்கள்

விடுதிக்குச் சென்ற முதல் வாரத்தில் புதுமை கவலையை மறைத்துவிடும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில்தான் மனம் தளரும். வெள்ளிக்கிழமை பகல் வீட்டில் நெய்ச்சோறு மணக்கும் நேரத்தில் விடுதிச் சாம்பாரின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குத் தொண்டை அடைக்கும். "நான் வந்துவிடுகிறேன்" என்ற தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வரும்.

பெற்றோரே, அந்த அழைப்பு வரும்போது இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். உடனே வண்டி பிடித்துச் சென்று அழைத்து வருவது முதலாவது. "எவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன் தெரியுமா?" என்று சீறுவது இரண்டாவது. முதலாவது பிள்ளையின் ஊக்கத்தைக் கெடுக்கும். இரண்டாவது அவன் வாயை அடைத்துவிடும். அதன்பின் உண்மையான துன்பம் வந்தாலும் அவன் சொல்ல மாட்டான். பொறுமையாகக் கேளுங்கள். துன்பம் எது என்று பிரித்து அறியுங்கள். உணவா, பாடமா, அறைத்தோழனா, உடல்நலமா, வெறும் ஏக்கமா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

நாளுக்கு நான்கு முறை அழைத்து "சாப்பிட்டாயா?" என்று கேட்பதும் நன்மை தராது. முன்பு கடிதம் எழுதிப் பத்து நாள் காத்திருந்த காலத்தில் பிள்ளைகள் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டனர். இன்று கைபேசியில் முகம் பார்த்துப் பேச முடிவதால் உடல் விடுதியிலும் உள்ளம் வீட்டிலுமாகப் பிள்ளை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறான். இஷாவுக்குப்பின் ஒரு வேளை என்று நேரம் குறித்து, மனம்விட்டுப் பேசுங்கள். அதுவே போதும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கவனியுங்கள். பிள்ளை பல வாரங்களாக உறங்காமலும் உண்ணாமலும் இருந்தாலோ, எவருடனும் பேசாமல் ஒதுங்கினாலோ, வாழ்வே வெறுத்ததுபோலப் பேசினாலோ அதை ஏக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். உடனே நேரில் செல்லுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருந்து உண்பதில் வெட்கமில்லாததுபோல மனநோய்க்கு மருந்து உண்பதிலும் வெட்கமில்லை.

பாடம் விளங்காதபோது

தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு முதல் அதிர்ச்சி ஆங்கிலத்திலிருந்து வருகிறது. வேதியியலில் நல்ல மதிப்பெண் பெற்றவனுக்கு அதே பாடம் வேற்று மொழியில் வரும்போது அந்நியமாகத் தோன்றுகிறது. தனக்கு அறிவில்லை என்று அவன் முடிவுகட்டிவிடுகிறான். குறை அறிவில் இல்லை, சொற்களில்தான் இருக்கிறது. ஒரு பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்கள் சில நூறு மட்டுமே. அவற்றை ஒரு சிறு ஏட்டில் எழுதி, எதிரே பள்ளியில் படித்த தமிழ்ச்சொல்லை எழுதிவைத்தால் முதற்பருவம் முடிவதற்குள் பெரும்பகுதி வசப்பட்டுவிடும். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் சென்று ஐயம் கேட்பதற்கு நாணப்பட வேண்டாம். வகுப்பில் எழுந்து கேட்கத் தயங்குபவர் துறை அறைக்குச் சென்று கேட்கலாம்.

அடுத்தது பருவத்தேர்வு முறை. பள்ளியில் ஆண்டு இறுதியில் படித்துத் தேறிவிடலாம். கல்லூரியில் ஓராண்டுக்கு இரு பருவங்கள். கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் ஒரு தாளுக்கு அகமதிப்பீட்டிற்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 என மதிப்பெண்கள் பிரிக்கப்படுகின்றன. அதாவது வகுப்பில் எழுதும் சிறு தேர்வும், ஒப்படைக்கும் கட்டுரையும் இறுதி மதிப்பெண்ணில் சேர்ந்துவிடும். வருகைப்பதிவும் பொதுவாக 75 விழுக்காடு தேவை. மாதம் இருமுறை வெள்ளி மாலை புறப்பட்டுத் திங்கள் நண்பகல் திரும்பும் பிள்ளை, தனக்குத் தெரியாமலேயே தேர்வெழுதும் தகுதியை இழக்க நேரிடும். ஊரில் நிக்காஹ், கந்தூரி, பெயர் சூட்டுவிழா என்று ஒவ்வொன்றுக்கும் பிள்ளையை அழைக்கும் பெற்றோர் இதை மனத்தில் கொள்க.

முதலாண்டில் ஒரு தாளில் தவறினால் அரியர் என்று அடுத்த பருவத்தோடு சேர்த்து எழுதலாம் என்பது உண்மையே. ஆனால் அடுத்த பருவத்திற்கும் அதற்குரிய பாடங்கள் உண்டு. சுமை ஏறிக்கொண்டே போகும். இறுதியாண்டில் வேலை கொடுக்க வரும் நிறுவனங்கள் பலவும் அரியர் இல்லாதவரையே அழைக்கின்றன. ஒன்றில் தவறியவர் மனம் உடைய வேண்டாம். அதை அடுத்த வாய்ப்பிலேயே முடித்துவிட வேண்டும்.

கலை, அறிவியல் மாணவர்கள் முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுண்டு. பகுதி ஒன்றில் தமிழா, அரபியா, உர்தூவா என்பது அது. மக்தபில் குர்ஆன் ஓதியிருப்பதால் அரபி எளிதாக இருக்கும் என்று எண்ணி எடுப்போர் சிலர். ஓதத் தெரிவது வேறு; மொழியின் இலக்கணத்தைக் கற்று, வாசித்துப் பொருளுணர்ந்து எழுதுவது வேறு. உழைக்க ஆர்வமிருந்தால் அரபியைக் கட்டாயம் எடுக்கலாம்; குர்ஆனின் மொழியைக் கற்கும் அரிய வாய்ப்பு அது. எளிது என்று மட்டும் எண்ணி எடுப்பவர் பின்னர் வருந்துவார்.

தொழுகையும் உணவும்

பிள்ளையின் தொழுகை என்னவாகும் என்பதே நம் இல்லங்களில் பெரிய கவலை. வீட்டில் பாங்கொலி கேட்டது, உம்மா எழுப்பினார், தம்பியும் வாப்பாவும் பள்ளிக்குப் புறப்பட்டனர். விடுதியில் இவை எவையும் இல்லை. தொழுகை பழக்கத்தால் வந்ததா, உள்ளத்தால் வந்ததா என்பது அங்கேதான் தெரியவரும்.

முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை சில. அருகிலுள்ள பள்ளிவாசல் எங்கே என்று விசாரித்து, இமாம் அவர்களுக்கு ஸலாம் கூறி அறிமுகமாகிக்கொள்ள வேண்டும். விடுதியில் உள்ள மற்ற முஸ்லிம் மாணவர்களைக் கண்டறிய வேண்டும். இருவர் சேர்ந்தாலே ஜமாஅத் ஆகும். ஒருவரை ஒருவர் ஃபஜ்ருக்கு எழுப்பவும் ஆள் கிடைக்கும். நள்ளிரவு வரை கைபேசியில் மூழ்கிக் கிடப்பவரை யார் எழுப்பினாலும் ஃபஜ்ருக்கு எழ முடியாது என்பதையும் சொல்ல வேண்டியுள்ளது.

லுஹரை உணவு இடைவேளையில் தொழுதுவிடலாம். சிக்கல் வருவது மாலையில்தான். நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையில் மாலை 5.45 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். ஆய்வுக்கூட வகுப்பு 5 மணிக்கு முடிந்தால் அஸருக்குக் கிடைக்கும் நேரம் முக்கால் மணியே. வகுப்பு விட்டதும் தேநீர்க் கடைக்குச் சென்றால் அஸர் கைநழுவிவிடும். ஜும்ஆவுக்கு முஸ்லிம் கல்லூரிகளில் இடைவேளை உண்டு. பிற கல்லூரிகளில் படிப்பவர் பருவத் தொடக்கத்திலேயே துறைத்தலைவரிடம் எழுத்து மூலம் பணிவாக வேண்டுகோள் வைக்கலாம். சொல்லாமல் வகுப்பிலிருந்து மறைவதைவிட அது கண்ணியமான வழி.

சிலர் "நாங்கள் பயணத்தில் இருக்கிறோம்" என்று கூறிப் பருவம் முழுதும் கஸ்ராகத் தொழுகின்றனர். ஓரிடத்தில் நான்கு நாட்கள் தங்க எண்ணினால் ஷாஃபி மத்ஹபின்படியும், பதினைந்து நாட்கள் தங்க எண்ணினால் ஹனஃபி மத்ஹபின்படியும் கஸ்ரு சலுகை நீங்கிவிடும். எனவே விடுதி மாணவர் முழுமையாகவே தொழ வேண்டும். மேலும் ஐயமிருப்பின் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக.

உணவில் ஐயம் வந்தால் வழி எளிது. இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். விடை தெளிவில்லையென்றால் சைவ உணவு உண்ணுங்கள். கறி இல்லாமல் மூன்றாண்டுகள் கழிந்தால் யாரும் மெலிந்துவிடுவதில்லை. நோன்பு மாதத்தைப் பற்றியும் முன்னரே திட்டமிட வேண்டும். ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னால் வருகிறது. 2026, 2027-ஆம் ஆண்டுகளின் நோன்பு பிப்ரவரியில் தொடங்குவது. இரண்டாம் பருவத்தின் அகமதிப்பீட்டுத் தேர்வுகள் அந்த நாட்களில் அமையக்கூடும். ஸஹருக்கு என்ன ஏற்பாடு என்பதை ஒரு மாதம் முன்பே விடுதிக் காப்பாளரிடம் பேசிவைத்தால், வெறும் பிஸ்கட்டும் தண்ணீருமாக நோன்பு வைக்கும் நிலை வராது.

அறைத்தோழர்கள்

திருச்சி புனித வளனார் கல்லூரி விடுதியில் 1950-களின் தொடக்கத்தில் அப்துல் கலாம் அவர்களின் அறையில் மூவர் இருந்தனர். மற்ற இருவரில் ஒருவர் திருவரங்கத்து ஐயங்கார். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூவரும் மகிழ்ச்சியாக வாழ்ந்ததை அவர் நினைவுகூர்ந்துள்ளார். தம் மார்க்கத்தை விடாமலே பிறரோடு இணைந்து வாழலாம் என்பதற்கு அந்த அறை ஓர் எடுத்துக்காட்டு. முஸ்லிம் தெருவிலேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பிற சமயத்தார் நெருங்கிப் பழகக் கிடைக்கும் முதல் இடம் பெரும்பாலும் கல்லூரி விடுதிதான். தொழும்போது சற்று அமைதி வேண்டும் என்று அன்புடன் சொல்லுங்கள். அவர்கள் படிக்கும்போதும் வழிபடும்போதும் அதே அமைதியைக் கொடுங்கள். உங்கள் நடத்தையைக் கொண்டே அவர்கள் இஸ்லாத்தை அறிவர்.

அதே வேளையில் தீய பழக்கங்களுக்கு அழைப்போரும் எங்கும் உண்டு. முதல் அழைப்பை மறுப்பது கடினம். இரண்டாவதை மறுப்பது எளிது. முதலாவதை ஏற்றுக்கொண்டவருக்கோ இது தலைகீழாகிவிடும்.

ராகிங் எனும் கொடுமையைப் பற்றியும் அறிந்திருங்கள். 1996-ஆம் ஆண்டில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் அதற்குப் பலியானது தமிழகத்தை உலுக்கியது. அதையடுத்து 1997-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. குற்றம் உறுதியானால் இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுமைக்கும் விதிமுறை வகுத்தது. 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இதற்கென்றே ஏற்படுத்தப்பட்டது. பிள்ளையின் ஏட்டில் அதைக் குறித்துக்கொடுங்கள். பொறுத்துப் போவது வேறு. அக்கிரமத்தை மறைப்பது வேறு.

பணம்

மாதச் செலவுக்குப் பணம் அனுப்பும் பெற்றோர் இரு வகையினர். துபாயிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ அளவின்றி அனுப்புவோர் ஒரு வகை. பெரும்பாடு பட்டு அனுப்புவோர் மற்றொரு வகை. முதல்வகைப் பிள்ளைக்குப் பணமே பகையாகலாம். ஒரு தொகையை முடிவுசெய்து, மாதத்தின் முதல் நாளில் அனுப்பி, கணக்கு எழுதப் பழக்குங்கள். வாப்பா வெயிலில் உழைத்த கூலி அது என்பதைப் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வகையினர் தம் நிலையைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரக் கலாம் அவர்களுக்குப் பணமில்லாதபோது அவருடைய சகோதரி ஸுஹ்ரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்தத் தியாகத்தை அறிந்திருந்ததால்தான் படிப்பில் அவருக்கு உறுதி பிறந்தது. வட்டியை அஞ்சிக் கல்விக்கடன் வாங்கத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் கல்லூரி அலுவலகத்தில் அரசு உதவித்தொகைகளை முதலில் விசாரிக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. விண்ணப்பிக்காமல் இழப்பவர் பலர். ஊர் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் கட்டண நேரத்தில் வட்டியில்லா அழகிய கடன் கொடுக்க முன்வந்தால் எத்தனையோ பிள்ளைகள் பாதியில் திரும்ப மாட்டார்கள்.

மகளை அனுப்பிய பெற்றோருக்கு

பெண்பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய காலத்தில், 1955-இல், நீதிபதி பஷீர் அஹமத் சயீத் அவர்கள் சென்னையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரியைத் தோற்றுவித்தார். 1988-இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி எழுந்தது. வாணியம்பாடியில் 1919-இலும், திருச்சியிலும் சென்னையிலும் 1951-இலும், அதிராம்பட்டினத்தில் 1955-இலும் நம் முன்னோர் கல்லூரிகள் எழுப்பியது பிள்ளைகள் சேர்ந்து வெளியேறுவதற்காக அன்று. பட்டம் பெற்று வெளிவருவதற்காக.

ஆகவே மகள் முதலாண்டில் இருக்கும்போதே நல்ல வரன் வந்துவிட்டது என்று படிப்பை நிறுத்தாதீர்கள். நிச்சயம் செய்தே ஆக வேண்டுமென்றால், படிப்பை முடிக்க விடுவோம் என்ற வாக்கை மணமகன் வீட்டாரிடம் பெரியவர்கள் முன்னிலையில் பெறுங்கள். முதற்பருவத்தில் மகளின் மதிப்பெண் குறைந்தால், "படித்தது போதும்" என்று சொல்ல அதையே சாக்காக்காதீர்கள். மகனுக்கு ஒரு தாளில் அரியர் வந்தால் மறுபடி எழுதச் சொல்கிறோம். மகளுக்கும் அதே நீதி வேண்டும்.

ஊரார் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு மஹல்லாவிலும் கல்லூரியில் படித்து முடித்த இளைஞர்கள் நாலைந்து பேரேனும் இருப்பர். ஜூன் மாதத்தில் ஒரு மாலை, புதிதாகக் கல்லூரி செல்லும் பிள்ளைகளைப் பெற்றோருடன் பள்ளிவாசலில் கூட்டி, இவர்களைக் கொண்டு பேசவைக்கலாம். ஒவ்வொரு புது மாணவருக்கும் அதே நகரில் படிக்கும் மூத்த மாணவர் ஒருவரைத் துணையாக்கலாம். பிள்ளை காய்ச்சலில் கிடந்தால் சென்று பார்க்க ஒருவர் உண்டு என்ற நம்பிக்கை பெற்றோருக்கும் உறக்கம் தரும். மாணவியருக்கு மூத்த மாணவியர் துணையாகட்டும். இதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை. மனம் மட்டுமே தேவை.

மாணவச் செல்வங்களே! முதற்பருவம் முடிந்து விடுமுறைக்கு ஊர் வரும்போது விடுதியையும் புது நண்பர்களையும் பற்றி நீங்கள் ஓயாமல் பேசுவதைக் கேட்டு உங்கள் உம்மா வியப்படைவார். அந்த நாள்வரை பொறுமை காத்திருங்கள். ஐந்து வேளைத் தொழுகையைப் பற்றிக்கொள்ளுங்கள். நாள்தோறும் அன்றைய பாடத்தை அன்றே படியுங்கள். துன்பம் வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ள கல்வியாக்கி, அவர்களை ஈமானோடும் நல்லொழுக்கத்தோடும் வீடு திரும்பச் செய்து, பெற்றோரின் கண்கள் குளிர வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.